வல்லக்குண்டின் சிரிப்பு

படம் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் போன மறுநாள் காலையில், வல்லக்குண்டில் ஒருவர் முகத்திலிருந்தும் சிரிப்பு இறங்கவில்லை.

பால் பீய்ச்ச உட்கார்ந்த வெள்ளத்தாய், எருமை எட்டி உதைத்துச் செம்பு உருண்டபோது வாய்நிறைய வைதாள். வைத வாய் சிரித்தபடியே இருந்தது. எதுக்கு இப்படிக் காலங்காத்தால சிரிக்கே என்று கேட்க வந்த அவள் புருஷன் கருத்தப்பாண்டியும் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். குழாயடியில் குடத்தை முந்தி வைத்ததற்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொண்ட இரண்டு பெண்கள் கல்யாண வீட்டில் சந்தித்த சம்பந்திகள் மாதிரி பல் தெரிய நின்றார்கள். பகல் ஏறுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது: நேற்று கண்மாய்க் கரையில் வரிசையாக நின்று கேமராவுக்குக் காட்டினார்களே, அதே சிரிப்பு, கன்னம் இரண்டும் ஏறி, மேல்வரிசைப் பல் மொத்தமும் தெரிய, அப்படியே நின்றுவிட்டது. கையால் இழுத்து இறக்கினால் இறங்கியது, கையை எடுத்ததும் பழையபடி ஏறிக்கொண்டது. நல்லெண்ணெய் தடவி நீவினார்கள். பூசாரி சிரித்துக்கொண்டே திருநீறு போட்டார். டவுன் டாக்டர் நரம்புக்கு மாத்திரை எழுதினார். அந்த வாரம் பருத்திக்குக் களையெடுக்க வேண்டியிருந்தது. அதனால் இதற்கு மேல் இதோடு மெனக்கெட முடியாது என்று சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டே எல்லாரும் காட்டுக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளத்தாய் மட்டும் போன் போட்டாள்.

"டீச்சர், சிரிக்கச் சொன்னீகள்லா, அது நிக்க மாட்டேங்கு."

டீச்சர் என்று அவள் கூப்பிட்டது அமுதவல்லியை. வல்லக்குண்டுக்கு மேற்கே மேட்டில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறையின் இணைப் பேராசிரியை. ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஒருங்கிணைப்பாளர் என்று அவளைத்தான் போட்டிருந்தார்கள். போனைக் காதில் வைத்தபடி அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு யாராவது கேட்டிருந்தால் இப்படியும் நடக்குமா என்றிருப்பார்கள். அவளுக்கு அது தோன்றவில்லை. நடக்கும் என்றுதான் தோன்றியது, அந்தச் சிரிப்பை எப்படி வாங்கினாள் என்று அவளுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகம் வல்லக்குண்டைத் தத்தெடுத்த கதை ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். மேட்டில் விடுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற ஏற, அங்கே குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் கழித்த தண்ணீரும் சரிவைத் தேடி, மழைக்காலத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஓடையைப் பிடித்து, வருஷம் முழுக்க வல்லக்குண்டுக் கண்மாய்க்கு இறங்கியது. கண்மாய் கறுத்தது. மீன் மிதந்தது. இறங்கினவர்கள் காலில் அரிப்பு வந்தது. ஊரே திரண்டு போய்ப் பல்கலைக்கழக வாசலில் உட்கார்ந்தபோது, அப்போதிருந்த துணைவேந்தர் வெளியே வந்து, இனிமேல் வல்லக்குண்டு எங்கள் பிள்ளை, ஊரையே தத்தெடுத்துக்கொள்கிறோம் என்றார். அது நல்ல வார்த்தையாகக் காதில் விழுந்ததால் ஊர் எழுந்து திரும்பியது. பிறகு கண் பரிசோதனை முகாம் வந்தது, மரக்கன்று வந்தது, கைகழுவச் சொல்லிக்கொடுக்க மாணவர்கள் வந்தார்கள், கழுவிக் காட்டுவதற்குத் தண்ணீர் லாரியில் வந்தது. சாக்கடை மட்டும் தன் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

இப்போதிருக்கும் துணைவேந்தருக்குத் தேசிய அளவில் ஓர் அங்கீகாரம் வேண்டியிருந்தது. மக்களோடு சேர்ந்து நிற்கிற பல்கலைக்கழகம் என்ற அங்கீகாரம். விண்ணப்பத்தை எழுதியவள் அமுதவல்லி. அதில் ஒரு பொய் கிடையாது. முகாம்கள் நடந்தன, எழுதினாள். கன்றுகள் நட்டார்கள், எழுதினாள். ஓடையைப் பற்றிக் கேள்வி இல்லை, அவளும் எழுதவில்லை.

படம் மட்டும் சரியாக வரவில்லை. கண்மாய்க் கரையில் ஆலமரத்தடியில் தண்ணீர் தெரியாத பக்கமாக ஊரை நிறுத்தி எத்தனை முறை எடுத்தாலும், முகங்கள் எழவு வீட்டுக்கு வந்த முகங்களாக விழுந்தன. துணைவேந்தர் போனில், "சிரிச்ச முகமா வேணும் மேடம், இது என்ன பஞ்ச நிவாரணமா?" என்றார். அமுதவல்லி வெள்ளத்தாயிடம் போனாள். ஊரில் வெள்ளத்தாய் சிரித்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, ஒரே ஒரு தடவ எல்லாரும் மனசாரச் சிரிச்சிருங்க. இந்த அங்கீகாரம் மட்டும் கெடச்சுட்டா, மொத வேலையா சாக்கடையத் திருப்பி விட்ருவோம்."

"நெசமாவா டீச்சர்?"

"நெசமா."

அப்படி யாரும் அமுதவல்லியிடம் சொல்லியிருக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னாள். வெள்ளத்தாய் திரும்பி ஊரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். கண்மாய் தெளிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு ஊர் மொத்தமும் சிரித்தது.

சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு வல்லக்குண்டு எப்படிப் பிழைத்தது என்பதைப் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. பெண்பார்க்க வந்தவர்கள் பெண்ணின் அப்பன் தங்களைப் பார்த்து இளிப்பதாக நினைத்துக் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள். வாரச்சந்தையில் வியாபாரிகள், இந்த விலைக்கே இவ்வளவு சந்தோஷமா என்று இன்னும் குறைத்துக் கேட்டார்கள். பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்டினால் மிதித்தவனும் சிரித்தான். சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகிறவர்கள் துண்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. முகத்தை நம்ப முடியாது என்று ஆனதும், எதைச் சொல்வதானாலும் அதற்கு முன்னால் மனசைச் சொல்லிவிடுகிற வழக்கம் வந்தது. "கோவமாச் சொல்லுதேன், கேட்டுக்க" என்று ஆரம்பித்துத்தான் மாமியார் மருமகளிடம் பேசினாள். "வெசனமா இருக்கு, கொஞ்சம் உக்காரு" என்று புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லாமலே வயசாகிப்போன எத்தனையோ விஷயங்கள் அந்த மாதங்களில் வல்லக்குண்டில் சொல்லப்பட்டன. வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு எல்லாரும் கையைப் பார்த்தார்கள், கண்ணின் ஓரத்தைப் பார்த்தார்கள், தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். பொய் சொல்கிறவனின் கட்டைவிரல் எங்கே போகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஆனால் இந்தப் பாஷை ஊர் எல்லையோடு சரி. கறுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனுக் கொடுக்கப் போனபோது, அங்கிருந்த அதிகாரி பல் தெரிய நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, பானக்கம் கொண்டுவந்திருக்கிறார்களோ என்று பாட்டிலுக்குக் கை நீட்டினார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கினார். "அரசாங்க ஆபீசுல வந்து கேலியா பண்றீங்க?" என்று வெளியே அனுப்பினார்.

பல்கலைக்கழகத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி நுழைவாசலில் வைத்தார்கள். தினமும் அதன் கீழேதான் அமுதவல்லியின் ஸ்கூட்டர் போனது. அந்த இடம் வந்ததும் அவள் வேகத்தைக் கூட்டுவாள். துணைவேந்தரிடம் ஓடையைப் பற்றி அவள் பேசாமல் இல்லை. "மொதல்ல அங்கீகாரம் வரட்டும்" என்றார் அவர். அவள் ஊருக்குச் சொன்ன அதே வார்த்தை இங்கே வந்து அவளுக்கே விடையானது. வாரம் தவறாமல் வல்லக்குண்டுக்குப் போனாள். பழம் வாங்கிப் போனாள், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுபோனாள். வாசலுக்கு வாசல் சிரித்த முகங்கள் அவளை வரவேற்றன. அது அவர்கள் சிரிப்பில்லை, தான் வைத்துவிட்டு வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தத் தெருவில் நடக்கும்போது நெஞ்சுக்குள் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, லேசாக இருந்ததை நினைத்துச் சோறு இறங்காது.

"கோவமா இருக்கீங்களா அக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

வெள்ளத்தாய் சிரித்த முகத்தோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "அங்கீகாரம் எப்ப வருது டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

ஐப்பசியில் கண்மாய் மடை அடைத்துக்கொண்டது. கருத்தப்பாண்டிதான் இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி, பிளாஸ்டிக்கும் துணியுமாக அள்ளிப் போட்டான். காலை ஏதோ கிழித்தது. புண் ஆறவில்லை, வீங்கியது, கணுக்காலைத் தாண்டி ஏறியது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள் வெள்ளத்தாய். நீளமான வரிசை. நர்ஸ் வந்து வலி அதிகமா என்று கேட்டாள். "உசுரு போகுதும்மா" என்றான் அவன், கன்னம் இரண்டும் ஏறி, மேல்வரிசைப் பல் மொத்தமும் தெரிய. நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுசன் என்று முதுகில் தட்டி, மாத்திரை கொடுத்து, அவசரமில்லை, அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பினாள். அடுத்த வாரம் வரை அவன் இல்லை.

அமுதவல்லி போனபோது பந்தலுக்கு வெளியே ஆண்கள் துண்டால் வாயைப் பொத்தி நின்றிருந்தார்கள். உள்ளே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள், ஒப்பாரி வைத்தார்கள், எல்லாப் பற்களும் தெரிந்தன. அத்தனை சிரிப்புக்கும் நடுவில் பெஞ்சில் கிடத்தியிருந்த கருத்தப்பாண்டியின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. இறங்கியிருந்தது. கன்னம் தாழ்ந்து, உதடு மூடி, ஒரு சாதாரண மனுஷனின் களைத்த முகம். சாவுக்கு வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு நகரவில்லை. நின்று அந்த முகத்தையே பார்த்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். எவ்வளவு காலம் கழித்து ஊரில் ஒரு முகம் என்று எல்லாருக்கும் இருந்தது.

வெள்ளத்தாய் அமுதவல்லியின் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"பாருங்க டீச்சர். இதுதான் இவுக முகம். நல்லாப் பாத்துக்கோங்க."

அமுதவல்லி பார்த்தாள். மன்னிச்சிருங்க அக்கா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் தனக்கு லேசாகிவிடும் என்று பயந்து சொல்லாமல் விழுங்கினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் மதிப்பீட்டுக் குழு வந்தது. வடக்கேயிருந்து வந்தவர்கள், தமிழ் தெரியாது. தலைவி நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட ஓர் அம்மாள். அதே ஆலமரத்தடியில் ஊரைக் கூட்டியிருந்தார்கள். காரிலிருந்து இறங்கிய குழுவினர் அத்தனை முகங்களையும் பார்த்து மலர்ந்து போனார்கள். இத்தனை சந்தோஷமான ஊரை எந்த மாநிலத்திலும் பார்த்ததில்லை என்றார் ஒருவர். துணைவேந்தர் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றார். சொல்வதையெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியவள் அமுதவல்லி.

பல்கலைக்கழகம் உங்களுக்கு என்ன செய்தது என்று தலைவி கேட்டார். வெள்ளத்தாய் எழுந்தாள். நெற்றியில் பொட்டு இல்லாமல், வெறுங்கழுத்தோடு, சிரித்தபடி.

"வெசனமாச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க" என்று ஆரம்பித்தாள். "அந்த மேட்டுலருந்து வார தண்ணி எங்க கம்மாயக் கொன்னுட்டு. அந்தத் தண்ணிக்குள்ள எறங்கித்தான் எங்க வீட்டுக்காரவுக செத்தாக. இந்தச் சிரிப்பு எங்க சிரிப்பு இல்ல. வலிக்குதுன்னு சொன்னாக்கூட ஒருத்தரும் நம்ப மாட்டேங்காக. சாக்கடையத் திருப்பி விடச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்."

குழு தலையாட்டிக் கேட்டது. அந்த முகத்தோடு அந்தக் குரலைக் கேட்டால் பாட்டு மாதிரி இருந்தது. எல்லாரும் அமுதவல்லி பக்கம் திரும்பினார்கள். துணைவேந்தரும் திரும்பினார்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: இந்த அம்மாளின் கணவர் சமீபத்தில் இறந்துவிட்டார், அந்தத் துக்கத்திலும் பல்கலைக்கழகம் தங்களோடு நின்றதாகச் சொல்கிறார், கண்மாயைச் சீரமைத்துத் தரவேண்டும் என்பது ஊரின் ஒரே கோரிக்கை.

முழுப் பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்குப் பழகிய வித்தை.

தலைவி நெகிழ்ந்து, வெள்ளத்தாயைப் பார்த்துக் கை கூப்பினார். வெள்ளத்தாய் கூப்பவில்லை. அவளுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அவளும் அவள் பின்னால் இருந்த ஊரும் அமுதவல்லியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அது உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்" என்றாள் வெள்ளத்தாய், சத்தத்தைக் கூட்டாமல். "நான் சொன்னத நீங்க சொல்லல."

பின்னாலிருந்து ஒரு பெண், "சொல்லல" என்றாள். இன்னொருவர், இன்னொருவர். சிரித்த முகங்கள் அத்தனையும் அவளைப் பார்த்து, "சொல்லல, சொல்லல" என்றன.

என்ன சொல்கிறார்கள் என்று தலைவி கேட்டார். "நன்றி சொல்றாங்க" என்று துணைவேந்தர் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். தலைவி அவரைப் பார்க்கவில்லை, அமுதவல்லியைத்தான் பார்த்தார்.

அமுதவல்லிக்கு வேலை நினைவுக்கு வந்தது, கட்டி முடிக்காத வீடு நினைவுக்கு வந்தது, பெஞ்சில் கிடந்த முகம் நினைவுக்கு வந்தது. "நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை என்று சொல்கிறார்கள்" என்றாள். "அது உண்மை." பிறகு வெள்ளத்தாய் சொன்னதை வரி வரியாக, ஒன்றையும் விடாமல், மெருகு போடாமல் சொன்னாள். சிரிப்பு எப்படி வந்தது என்பதையும் சொன்னாள். யாரும் கொடுக்காத வாக்கைத் தான் கொடுத்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஓடை எங்கே என்று தலைவி கேட்டார். ஊரே எழுந்து வழிகாட்டியது. கண்மாய்க்குள் கறுப்பாக இறங்குகிற அந்த வாய்க்காலின் ஓரம் வரை போய், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அந்த அம்மாள் வெகுநேரம் நின்றார்.

அந்த வருஷம் அங்கீகாரம் வரவில்லை. அமுதவல்லியை ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து எடுத்துத் தொலைதூரக் கல்வியில் போட்டார்கள். அங்கே ஜன்னல் இல்லாத அறையில் விடைத்தாள் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். கூட வேலை செய்தவர்கள் அவளைக் கண்டால் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள். வாசலில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அடுத்த முறை விண்ணப்பிக்க வேண்டும், அதே அம்மாள் வந்து நிற்பார் என்ற பயம் துணைவேந்தருக்கு இருந்தது. மனம் திருந்தியெல்லாம் இல்லை, அந்தப் பயத்தில்தான் விடுதிகளுக்குப் பின்னால் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார்கள். ஓடை வறண்டது. அதற்கடுத்த மழையில் கண்மாய் பழைய நிறத்துக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது.

சிரிப்பு இறங்கியது அதன் பிறகுதான். முதலில் ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூட வாசலில் முட்டி தேய விழுந்து, உதட்டைப் பிதுக்கி, முகம் கோணி அழுதாள்; ஊரே ஓடிவந்து சுற்றி நின்று பார்த்தது, இன்னும் கொஞ்சம் அழு தாயி என்றது. பிறகு ஒவ்வொருவராக. தூங்கி எழும்போது சிலருக்கு, பாதிப் பேச்சில் சிலருக்கு. குழாயடியில் பெண்கள் முறைத்துக்கொண்டார்கள். சந்தையில் முகத்தைச் சுளித்தார்கள். வயசான புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கடுகடுப்பை ஒருவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்விப்பட்டதும் அமுதவல்லி போனாள். கையில் பழம் இல்லை, நோட்டுப் புத்தகம் இல்லை. தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்தாள். எத்தனையோ வருஷமாக அவள் நடந்த தெரு அது. அன்றுதான் அங்கே முகங்கள் இருந்தன. கோழியைத் துரத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் பார்த்தான், துடைப்பதை நிறுத்தினான். ஒரு முகத்தில் சலிப்பு, ஒன்றில் இரக்கம் மாதிரி ஏதோ, ஒன்றில் எதுவுமே இல்லை. எதிலும் சிரிப்பு இல்லை.

வெள்ளத்தாய் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். எப்படி இருக்கிறோம், என்னவாக இருக்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லவேண்டிய அவசியம் இனி அவளுக்கு இல்லை, அவள் சொல்லவுமில்லை. கண் சுருங்கி, உதடு இறுகி, மூக்கின் இரண்டு பக்கமும் கோடு விழுந்து, மாசக்கணக்கில் பல்லுக்குப் பின்னால் கிடந்த கோபம் மொத்தமும் அந்த முகத்தில் இருந்தது. வாங்க என்று அவள் சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அமுதவல்லி வாசலில் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். தலையைக் குனியவேண்டும் போலிருந்தது, குனியவில்லை. வெள்ளத்தாய் பார்வையை எடுக்கிற வரைக்கும் தானும் எடுக்கக் கூடாது என்று, வியர்வை கண்ணில் இறங்க இறங்க, அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.